குளுக்கோஸ் கரைத்துக் குடித்தால் தெம்பு வருமா?

ஜூன் 2, மாலை 6.15 (கேள்வி)

கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பயிற்சியாளர் ஆளுக்கு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, "செல்லுக்குள் எவ்வளவு சர்க்கரை போகிறதோ அவ்வளவு ஆற்றல் வரும்" என்கிறார். உயிர்வேதியியல் படிக்கும் நண்பன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். ஏன் என்றால் ஏதோ ஒரு நொதியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். யார் சொல்வது சரி?

ஜூன் 2, இரவு 9.40

நண்பன் பக்கம்தான் நியாயம். ஆனால் பெயரை மட்டும் வீசிவிட்டுப் போனது தப்பு. அவன் சொன்னது பெரும்பாலும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் ஆக இருக்கும். வாயில் நுழையாத பெயர். பிஎஃப்கே என்று சுருக்கிக்கொள்கிறேன்.

செல்லில் ஆற்றல் எவ்வளவு உற்பத்தியாகும் என்பதைத் தீர்மானிப்பது வரவு அல்ல, செலவு. சர்க்கரை உள்ளே நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி, வெளியே ஓடிவிடாமல் பிடித்துப் போடுகிறது. பாஸ்பேட் ஒட்டிய அந்தச் சர்க்கரை தசையில் தேங்கினால் ஹெக்சோகைனேஸ் வேலையை நிறுத்திவிடும். அதைத் தாண்டி, சர்க்கரையை உடைக்கும் வரிசையில் மூன்றாவது படியில் நிற்கிறது பிஎஃப்கே. இரண்டாவது பாஸ்பேட்டை இது ஒட்டிவிட்டால் தசைக்குள் அந்தச் சர்க்கரைக்கு எரிவதைத் தவிர வேறு வழி கிடையாது. இந்த வேலைக்கு, செல் தன் எல்லா வேலைக்கும் செலவழிக்கும் ஆற்றல் நாணயமான ஏடிபிதான் (ATP) கச்சாப்பொருள். அதே ஏடிபி செல்லில் நிறைந்து கிடந்தால், நொதியின் இன்னொரு மூலையில் போய் உட்கார்ந்து அதை மந்தமாக்கியும் விடும். ஏடிபி செலவாகி, பாஸ்பேட்டுகளை இழந்த அதன் மிச்சமான ஏஎம்பி (AMP) சேர ஆரம்பித்தால்தான் நொதிக்கு மறுபடி சுறுசுறுப்பு வரும்.

மேட்டூரில் நூறு அடி தண்ணீர் நிற்கிறது என்பதற்காக மதகைத் திறந்துவிடுவதில்லை. டெல்டாவில் நடவுக்குத் தண்ணீர் வேண்டும் என்றால்தான் திறக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவனின் தசைக்குள் எவ்வளவு குளுக்கோஸை ஊற்றினாலும் பிஎஃப்கே திறக்காது. உள்ளே வந்தது கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகக் கட்டி வைக்கப்படும். அதற்கும் இடமில்லை என்றால் கல்லீரல் அதைக் கொழுப்பாக்கும்.

இன்னொரு கணக்கு. ஒரு ஆளின் ரத்தம் முழுவதிலும் சேர்ந்து ஓடும் குளுக்கோஸ் ஐந்து கிராம் அளவுதான், ஒரு தேக்கரண்டி. கல்லீரலில் ஏறக்குறைய நூறு கிராம் கிளைக்கோஜன், தசைகளில் நானூறு கிராம். சரியாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பையன் அரைக் கிலோ சரக்கோடுதான் களத்தில் இறங்குகிறான். அவனுக்குப் பயிற்சியாளரின் டம்ளர் எந்த மூலைக்கு?

ஜூன் 2, இரவு 10.05

மேட்டூரில் நூற்றிருபது அடி நிரம்பினால் உபரி தானாக வெளியேற்றப்படுமே என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். பொருத்தமாகத்தான் மடக்கியிருக்கிறார். அந்த உபரிக்குத்தான் தொப்பை என்று பெயர்.

ஜூன் 3, காலை 6.50

"அப்படியானால் மாரத்தான் ஓடுகிறவர்கள் வழிநெடுகச் சர்க்கரைத் தண்ணீர் குடிப்பது முட்டாள்தனமா?" இல்லை. ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் விடாமல் ஓடினால் அந்த நானூறு கிராம் காலியாகிவிடும். மதகு முழுக்கத் திறந்திருக்கிறது, அணையில் தண்ணீர் இல்லை. அப்போது வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கிராமும் பயன்படும். கபடியின் கதை வேறு. இருபது நிமிடத்தில் ஒரு பாதி, ஒரு ரெய்டு முப்பது விநாடி. அந்த முப்பது விநாடியை நடத்துவது தசையில் ஏற்கெனவே இருக்கும் ஏடிபி, செலவான ஏடிபியை உடனே நிரப்பும் கிரியேட்டின் பாஸ்பேட், கிளைக்கோஜன் ஆகிய மூன்றும்தான். வயிற்றில் இருக்கும் குளுக்கோஸ் தசைக்கு வந்து சேர்வதற்குள் ரெய்டு முடிந்து, நீங்கள் வெளியே உட்கார்ந்திருப்பீர்கள்.

"எனக்குக் குடித்தவுடன் தெம்பு வருகிறதே, அது பொய்யா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொய்யில்லை. 2004-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் வீரர்களுக்கு இனிப்பே தெரியாத ஒரு மாவுச்சத்துக் கரைசலைக் கொடுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிதிக்கச் சொன்னார்கள். ஒரு சொட்டு விழுங்கவில்லை. ஆனாலும் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதம் வேகம் கூடியது. நாக்கு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது, மூளை கால்களைத் தாராளமாக விடுகிறது. பயிற்சியாளர் தன் குளுக்கோஸைத் துப்பச் சொன்னாலும் பலன் கிடைக்கலாம். மைதானம் ஈயால் நிறைந்துவிடும், அவ்வளவுதான்.

ஜூன் 3, இரவு 8.30

ஏஎம்பி பற்றி முதல் குறிப்பில் ஒரே வரியில் கடந்துவிட்டேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது, விரித்துச் சொல்லாமல் தூக்கம் வராது.

ஏடிபி குறைந்தால் நொதிகள் விழித்துக்கொள்ள வேண்டும், சரி. ஆனால் ஏடிபி பெரிதாகக் குறைவதே இல்லை. கடுமையாக ஓடும்போதுகூடத் தசையில் அதன் அளவு கொஞ்சம்தான் இறங்கும். நிறைய இறங்கினால் தசை விறைத்துப்போகும். இவ்வளவு சின்ன இறக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? செல் ஒரு தந்திரம் செய்கிறது. ஏடிபி (ATP) செலவானால், தமிழில் எழுதினால் அதே ஏடிபி என்று வந்து குழப்பும் அதன் தம்பி ADP, அதாவது இரண்டு பாஸ்பேட் மட்டும் உள்ள மூலக்கூறு கிடைக்கும். அப்படி இரண்டு தம்பிகள் சேர்ந்தால் அடினைலேட் கைனேஸ் என்ற நொதி ஒன்றிடமிருந்து பாஸ்பேட்டைப் பிடுங்கி மற்றொன்றுக்குக் கொடுக்கும். ஒன்று முழு ஏடிபி ஆகிவிடும், பறிகொடுத்தது ஏஎம்பி ஆகும். ஏஎம்பி சாதாரணமாக மிகச் சொற்பமாக இருப்பதால், ஏடிபி பத்து சதவீதம் குறைந்தாலே ஏஎம்பி ஐந்தாறு மடங்கு ஏறிவிடும். பிஎஃப்கே கவனிப்பது இந்த ஏற்றத்தை. கண்ணுக்குத் தெரியாத குறைவு, தெளிவாகத் தெரியும் கூடுதலாக மாறிவிடுகிறது. கடன் வாங்கியாவது கணக்கை நேர்செய்யும் கணக்குப்பிள்ளை வேலை என்றால் அது அடினைலேட் கைனேஸ் வேலைதான்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபி கிராம் கணக்கில்தான். ஒரு நாளில் நாம் உடைத்து உடைத்துத் திரும்பக் கட்டும் ஏடிபியின் எடையைக் கூட்டினால் கிட்டத்தட்ட நம் உடல் எடை வரும். கையிருப்பு இல்லாமல் நடக்கும் வியாபாரம் இது. செலவு நடந்த அந்த நொடியிலேயே உற்பத்தி கூட வேண்டும்.

ஜூன் 4, பகல் 1.20

ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் என்று பேசிக்கொண்டே போகிறோம், எல்லாப்பிரகட சுப்பாராவ் பெயரைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆந்திராவின் பீமவரத்தில் 1895-இல் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். அந்த முறையை வைத்துத் தசையைத் துழாவியபோதுதான் 1927-இல் கிரியேட்டின் பாஸ்பேட் அகப்பட்டது, 1929-இல் ஏடிபி அகப்பட்டது. அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைக் கண்டுபிடித்தார். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் லோமனோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு. நான் பயிற்சியில் இருந்தபோது பாஸ்பரஸ் அளக்கச் சொல்லிக்கொடுத்த முறையின் பெயரே ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை. கரைசல் நீலமாக மாறும். அந்தச் சுப்பாராவ் நம் ஊரில் படித்தவர் என்று சொல்லிக்கொடுத்தவருக்கே தெரியவில்லை.

ஜூன் 5, காலை 7.15

"மதகை மருந்து கொடுத்துத் திறந்துவிட்டால் தொப்பை கரையுமே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கரையும். செய்தும் பார்த்துவிட்டார்கள், பிணமும் விழுந்தது.

டைநைட்ரோஃபீனால் என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பொருள். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்கள் உடம்பு மெலிந்து, வியர்த்து, காய்ச்சலில் செத்தார்கள். 1933-இல் ஸ்டான்ஃபோர்டில் மாரிஸ் டெய்ன்டர் குழுவினர் அதையே உடல் மெலிய மருந்தாகக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் அமெரிக்காவில் ஒரு லட்சம் பேராவது விழுங்கியிருப்பார்கள் என்பது டெய்ன்டரே போட்ட கணக்கு. எடை குறைந்தது. கண்புரை வந்தது, சிலர் உள்ளுக்குள்ளேயே வெந்து செத்தார்கள். 1938-இல் புதுச் சட்டம் வந்த பிறகு கடைகளிலிருந்து போனது.

அது செய்வது இதுதான். செல்லுக்குள் இருக்கும் உலையான மைட்டோகாண்ட்ரியா உணவிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்களின் விசையில் புரோட்டான்களை உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி வர ஒரே வாசல், ஏடிபி சின்தேஸ். வரும் வேகத்தில் அந்த நொதி சக்கரம்போல் சுழன்று ஏடிபியைக் கட்டுகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது பலரும் நம்பவில்லை. 1978-இல் நோபல் கொடுத்தார்கள். டைநைட்ரோஃபீனால் சவ்வின் ஊடாகவே புரோட்டான்களைக் கூட்டிக்கொண்டு வந்து விடுகிறது. வாசல் வழியே யாரும் வருவதில்லை, ஏடிபி இறங்குகிறது, ஏஎம்பி ஏறுகிறது, பிஎஃப்கே முதல் எல்லா நொதிகளும் பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து முழு வேகத்தில் எரிக்கின்றன. எரிந்தது எல்லாம் வெப்பமாகப் போகிறது. மருந்து உடம்பில் இருக்கும்வரை இதை நிறுத்த எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. இதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

இன்றைக்கும் இணையத்தில் ரகசியமாக விற்கிறார்கள், வாங்கிச் சாகிறவர்களும் இருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது மஞ்சள் மாத்திரை நீட்டினால் அவரோடு பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

பச்சிளம் குழந்தைகளின் தோள்பட்டைக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பு இதே புரோட்டான் ஒழுகலைத் தனக்கென ஒரு புரதத்தை வைத்துச் செய்கிறது. குளிரில் சூடு வேண்டும்போது மட்டும் திறக்கும். ஒழுகல் குற்றமில்லை, கட்டுப்பாடு இல்லாத ஒழுகல்தான் கொல்கிறது.

ஜூன் 6, இரவு 9.10

முதல் குறிப்பில் நான் போட்ட போடு கொஞ்சம் கறாராக இருந்தது. குளுக்கோஸ் குடித்தால் உண்மையிலேயே கால் நடக்க ஆரம்பிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். அதையே குடித்தால் கால் ஓய்ந்துபோகிற மனிதர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகையும் நொதிக் குறைபாடு.

லண்டனில் பிரையன் மெக்கார்டில் என்ற மருத்துவர் 1951-இல் ஒரு முப்பது வயதுக்காரரைப் பற்றி எழுதினார். சிறு வயதிலிருந்தே கொஞ்சம் உழைத்தால் தசை வலித்து இறுகிப்போகும். மெக்கார்டில் அவருடைய கையைக் கட்டி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கையை மடக்கி நீட்டச் சொன்னார். நம் எல்லோருக்கும் இப்படிச் செய்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சர்ரென்று ஏறும். அவருக்கு ஏறவே இல்லை. தசை தன் கிளைக்கோஜனைத் தொடவே முடியவில்லை என்று மெக்கார்டில் முடிவுகட்டினார். 1959-இல்தான் காரணம் தெரிந்தது. கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்போரைலேஸ் என்ற நொதி அவரைப் போன்றவர்களின் தசையில் இல்லை. நானூறு கிராம் சரக்கு இருக்கிறது, சாவி இல்லை.

இவர்கள் நடக்க ஆரம்பித்தால் முதல் சில நிமிடங்கள் நரகம். மெதுவாக விடாமல் நடந்தால் பத்து நிமிட வாக்கில் திடீரென்று இதயத் துடிப்பு இறங்கி, கால் லேசாகிவிடும். கல்லீரல் அனுப்பும் குளுக்கோஸும் கொழுப்பமிலமும் ரத்தம் வழியாகத் தசைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. அப்படியானால் நடப்பதற்கு முன்னாலேயே சர்க்கரை கொடுத்தால்? 2003-இல் செய்து பார்த்தார்கள், அந்த முதல் நரகம் பெருமளவு காணாமல் போனது. பயிற்சியாளரின் டம்ளருக்கு உலகத்திலேயே மிகப் பொருத்தமான வாடிக்கையாளர்கள் இவர்கள்தான்.

இப்போது மறுபக்கம். 1965-இல் ஜப்பானில் தருயி என்பவர் ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள் மூவரிடம் இதே போன்ற தசை நோயைக் கண்டார். கிளைக்கோஜனை உடைக்கும் நொதி நன்றாக இருந்தது. தசையில் இல்லாமல் போனது நம் பிஎஃப்கே. இவர்களுக்குச் சர்க்கரை கிளைக்கோஜனிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், டம்ளரிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். மூன்றாவது படியில் வழி அடைபட்டிருக்கிறது. அவர்களின் தசை நம்பியிருப்பது கொழுப்பமிலத்தை. குளுக்கோஸ் குடித்தால் இன்சுலின் ஏறும், இன்சுலின் ஏறினால் கொழுப்பு செல்கள் கொழுப்பமிலத்தை வெளியே விடுவதை நிறுத்தும். இருந்த ஒரே விறகும் போய்விடும். சோறு சாப்பிட்டுவிட்டு நடந்தால் வெறும் வயிற்றில் நடப்பதைவிடச் சீக்கிரம் களைத்துவிடுவார்கள்.

நோய் இரண்டும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரி. அடைப்பு பாஸ்போரைலேஸிலா பிஎஃப்கேயிலா என்பதில் இருக்கிறது, அதே டம்ளர் மருந்தா விஷமா என்பது. "சர்க்கரை என்றால் ஆற்றல்" என்ற வாக்கியத்தின் மேல் எனக்குள்ள கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

ஜூன் 7, காலை 11.00

லிச்சிப் பழம் பற்றிக் கேட்டவருக்கு. ஆம், முசாஃபர்பூர் குழந்தைகளின் கதையும் இதே பாதையில்தான் வருகிறது.

பீகாரில் லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையில் குழந்தைகளுக்கு வலிப்பு வரும், மயங்குவார்கள், சாவார்கள். பல ஆண்டுகள் மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடினார்கள். முசாஃபர்பூர் குழந்தை மருத்துவர் அருண் ஷாவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜானும் லிச்சியில் உள்ள ஒரு வேதிப்பொருளின்மேல் சந்தேகத்தை எழுப்பினார்கள். வைரஸ் ஆய்விலேயே வாழ்நாளைக் கழித்தவர் இது வைரஸ் இல்லை என்று சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2014 பருவத்தில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 பேரில் 122 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த விரிவான ஆய்வு 2017-இல் வெளிவந்தது. லிச்சி தின்றுவிட்டு இரவு சாப்பிடாமல் தூங்கிய குழந்தைகளுக்கு ஆபத்து மிக அதிகம் என்று அது காட்டியது.

ஏன் இரவுச் சாப்பாடு? குழந்தையின் கல்லீரல் கிளைக்கோஜன் சின்னது, ஒல்லியான குழந்தைக்கு இன்னும் சின்னது. நள்ளிரவுக்குப் பிறகு அது தீர்ந்தால் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் கட்ட வேண்டும். அதற்கான ஆற்றல் கொழுப்பை எரித்துத்தான் வரும். லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசினும் அதன் உறவுக்காரப் பொருளும் கொழுப்பை எரிக்கும் நொதிகளை முடக்கிவிடுகின்றன. கொழுப்பும் எரியாது, புதுச் சர்க்கரையும் உருவாகாது, மூளைக்கு ஒன்றும் போகாது. வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கிய குழந்தை அதே லிச்சியைத் தின்றிருந்தாலும் காலையில் எழுந்து விளையாடப் போய்விடும். பிரச்சினையின் பாதி பழம், மீதிப் பாதி பசி.

இங்கே நேரத்தில் ஏற்றும் குளுக்கோஸ் உயிர் காக்கும். இதற்கும் நான் முதலில் சொன்னதற்கும் முரண் இல்லை. இவர்களிடம் செலவு இருக்கிறது, வரவுதான் அடியோடு நின்றுவிட்டது.

ஜூன் 7, மாலை 4.45

குளுக்கோஸ் ஏற்றுவது பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. நாள்கணக்கில் சாப்பிடாமல் மது குடித்துக்கொண்டே இருந்தவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தால், குளுக்கோஸோடு தையமினையும் (வைட்டமின் பி1) மறக்காமல் கொடுப்பார்கள். சர்க்கரை உடைந்து கிடைக்கும் பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிப்புக்கு அனுப்பும் நொதிக்குத் தையமின் இல்லாமல் கை ஓடாது. அது தீர்ந்துபோன உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஊற்றினால் மிச்சம் மீதி இருந்ததும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம்.

பழைய சென்னை மாகாணத்தில், தையமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் வட சர்க்கார் (இன்றைய கடலோர ஆந்திரா) மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட இடங்களில் பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தெற்கே அவ்வளவாக இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தையமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சமாவது தங்கும். புழுங்கல் அரிசிக்கு வாசனை வருகிறது என்று முகம் சுளிப்பவர்கள் கவனிக்கவும்.

ஜூன் 9, இரவு 10.20

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடம். சர்க்கரைப் பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தைச் சாம்பல் மூடி போட்ட குழாயில் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், அதில் சோடியம் ஃபுளூரைடு உண்டு. சிவப்பணுக்கள் குழாய்க்குள் வந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாத செல்கள் அவை. ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக இரண்டே ஏடிபி. அதையும் சோடியத்தை வெளியே இறைக்கச் செலவழித்துக்கொண்டே இருக்கும். ஆகவே சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் விட்டால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் சர்க்கரை குறையும். காலையில் கிராமத்து முகாமில் எடுத்த ரத்தம் பேருந்தில் மதியம் வந்து சேர்ந்தால், நீரிழிவுக்காரருக்கும் நல்ல சர்க்கரை என்று தாள் வந்துவிடும். ஃபுளூரைடு இந்த எரிப்பை நிறுத்தத்தான்.

ஜூன் 10, காலை 7.30

இன்னொரு ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர், "ஃபுளூரைடு போட்டாலும் முதல் ஒரு மணி நேரம் சர்க்கரை குறையத்தானே செய்கிறது" என்று எழுதியிருக்கிறார். முழுக்கச் சரி, காரணமும் இந்த இழையிலேயே இருக்கிறது. ஃபுளூரைடு முடக்குவது ஈனோலேஸ் என்ற நொதியை. அது ஒன்பதாவது படி. முதல் படி ஹெக்சோகைனேஸும் மூன்றாவது படி பிஎஃப்கேயும் கீழே அடைத்துக்கொண்டது தெரியாமல், கையில் ஏடிபி இருக்கும்வரை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். ஏடிபி தீர்ந்த பிறகுதான் அளவு நிலைக்கும். அதற்கு ஒரு மணி, சில நேரம் இரண்டு மணிகூட ஆகும். சிட்ரேட் கலந்து ரத்தத்தை அமிலமாக்கும் குழாய்களில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அமிலத்தன்மை மேலே உள்ள அந்த இரண்டு நொதிகளையே உடனே அடக்கிவிடும். விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் குழாயைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து, அரை மணி நேரத்துக்குள் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிடுங்கள். முகாம்களுக்குப் போகும்போது நாங்கள் ஐஸ் பெட்டியையும் கையோடு எடுத்துப்போகும் சிறு சுழற்று இயந்திரத்தையும் வண்டியில் ஏற்றிய பிறகுதான் மற்றச் சாமான்களை ஏற்றுகிறோம்.